மீன்தொட்டிக்குப் போட்ட யூரியா

ஈரக் கையில் யூரியாவைப் பொத்திப் பிடித்தால் உள்ளங்கை சில்லென்று குளிரும். தோட்டம் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதினமில்லை. அச்சுவேலியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உரப்பைகள் அடுக்கியிருக்கும், அந்தக் குளிருக்காகவே நான் கையை நனைத்துக்கொண்டு போய் அதற்குள் விடுவேன், அம்மா கண்டால் ஏச்சு விழும். பதினொரு வயதில் ஒரு சிட்டிகை யூரியாவை என் மீன்தொட்டிக்குள் போட்ட அன்றைக்கும் கை அப்படித்தான் குளிர்ந்தது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறியதற்கு அப்பா தந்த தொட்டி அது. நான் கேட்டது சைக்கிள், வந்தது யன்னல் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டிய மீன்தொட்டி; இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் அதற்கு அடிமையாகிவிட்டேன். அடியில் மணலைக் கழுவிப் பரப்பி, கோயில் கேணியிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசிக் கொடிகளை ஊன்றி, ஆறு ‘கப்பி’ மீன்களை விட்டு, நன்றாக வெயில் விழட்டும் என்று யன்னலோரம் வைத்தேன். வெயில் எவ்வளவு கூடவோ பயிர் அவ்வளவு செழிக்கும் என்பது தோட்டக்காரன் மகளின் அறிவு.

மூன்று கிழமைக்குள் கொடிகளின் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கின. மஞ்சள் இலையைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. ‘யூரியா காணாது’ என்று கை தானாக உரப்பைக்குள் போகும். என் கையும் போனது. அடுத்த நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, அதற்கடுத்த நாள் நான்கு செத்து மிதந்தன, ஒரு கிழமை முடியமுன் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போலாகி உள்ளே இருந்த கொடியே தெரியவில்லை. செடிக்கென்று நான் போட்ட சாப்பாட்டைக் கண்ணுக்குத் தெரியாத பாசி தின்று கொழுத்திருந்தது. செடிக்குக் குறைவாயிருந்தது வேறு ஏதோ சத்து என்பதும், ஒன்று குறைந்த இடத்தில் இன்னொன்றை எவ்வளவு கொட்டினாலும் அது மிச்சமாகிப் பாசிக்குத்தான் போகும் என்பதும் வெகுகாலம் கழித்து விளங்கிய விஷயங்கள். அன்றைக்கு விளங்கியது நான்கு மீன்களைக் கொன்றவள் நான் என்பது மட்டும்தான். செவ்வரத்தைச் செடிக்குக் கீழே அவற்றைப் புதைத்துவிட்டு நிறைய அழுதேன்.

அப்பா வந்து பார்த்துச் சிரித்தார். “உதுக்கேன் அழுகிறாய்? எல்லாத்தையும் ஊத்திப்போட்டு எங்கடை கிணத்துத் தண்ணியை விடு. அதுக்கு மிஞ்சின மருந்து இல்லை.” எங்கள் கிணற்றைப் பற்றி அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார். சுற்றுவட்டாரத்தில் சில கிணறுகள் உப்பேறிச் ‘சவர்’ பிடித்துப்போன காலத்திலும் எங்களுடையது இளநீர் மாதிரி இருந்தது. கலியாண வீட்டுக்காரர் பீப்பாயோடு வருவார்கள், வீதியால் போகிறவர்கள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஒரு செம்பு கேட்பார்கள், அப்பா குடிக்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் கொடுப்பதில் எவ்வளவு தாராளமோ வெங்காயத்துக்கு உரம் போடுவதிலும் அவர் அவ்வளவு தாராளம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யார் கண்டது?

சொன்னபடி தொட்டியைக் கழுவிக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். யூரியாவின் பக்கமே போகவில்லை. பத்து நாளில் மறுபடி பச்சை. மறுபடி மாற்றினேன், மறுபடி பச்சை. எனக்கு ஒரு பிடிவாதக் குணம், ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் சோறு இறங்காது. அப்போது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. கொடிகாமத்தில் கலியாணம் செய்திருந்த சித்தி பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டில் வந்து நின்றார், அவரைப் பார்க்க ஞாயிறுதோறும் சித்தப்பா வருவார். மூன்று ஜாம் போத்தல்களைக் கழுவி, ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கூரைப் பீலியால் வழிந்த மழைத்தண்ணீர், மற்றதில் சித்தப்பா வழியில் குடிக்கக் கொண்டுவந்த கொடிகாமத்துத் தண்ணீரின் மிச்சம் என்று நிரப்பி, மூன்றுக்கும் தொட்டியின் பச்சைத் தண்ணீர் ஒவ்வொரு கரண்டி விட்டு, மூடியைப் பூட்டி மதிலின் மேல் வைத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு மழைத்தண்ணீர் தெளிந்தே இருந்தது, கொடிகாமத்துத் தண்ணீரில் இலேசான நிறம், எங்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வாழைக்குருத்துப் பச்சை.

ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். “அப்பா, எங்கடை கிணத்திலை உரம் கிடக்கு. தோட்டத்துக்குப் போடுறது மழையோடை கீழை இறங்குது போலை.”

அப்பா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “போத்திலை ஒழுங்காக் கழுவியிருக்கமாட்டாய். உந்தக் கதையை வெளியிலை கதையாதை” என்று சொல்லிவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் குழந்தை இருந்திராவிட்டால் நானும் அத்தோடு விட்டிருப்பேன். சித்திக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம். காய்ச்சலில் கிடந்து எழும்பியவருக்குப் பால் சுரக்கவில்லை, அம்மாதான் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பால்மா கரைத்துக் கொடுத்தார். குழந்தையை நிறுக்க மருத்துவமாது வந்த அன்றைக்கு, அப்பாவும் அங்கே நிற்கிறார் என்று தெரிந்தும், நான் பச்சைப் போத்தலைக் கொண்டுபோய் மருத்துவமாதுவின் முன்னால் நீட்டினேன். “மிஸ், உது எங்கடை கிணத்துத் தண்ணி. உதிலைதான் தங்கச்சிக்குப் பால் கரைக்கினம்.”

அவர் சிரிக்கவில்லை. “போத்தில் பச்சையாகினதை மட்டும் வைச்சுச் சொல்லேலாது” என்று தொடங்கி, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “ஆனால் தோட்டத்துக் கிணறுகளிலை உரம் ஊறியிருக்குதெண்டு எங்களுக்கும் சொல்லியிருக்கினம். பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாது. உந்தளவு பிள்ளையெண்டால் நீலம் பாரிச்சுப்போகும், உயிருக்கே ஆபத்து. காய்ச்சினாலும் உது போகாது அக்கா. வேறை தண்ணி பாருங்கோ.”

சித்தி குழந்தையின் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். சித்தப்பாவைக் கொடிகாமத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாமா என்று அம்மா மெல்லக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “ஊருக்கெல்லாம் தண்ணி குடுக்கிற வீட்டுக்கு வேறை ஊர்த் தண்ணி வாறதோ?” என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர் இருட்டும்வரை திரும்பவில்லை. கிணற்றைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் வீட்டைக் குறை சொல்வதற்குச் சமம். அதையும் வெளியாள் ஒருவருக்கு முன்னால் சொந்த மகளே சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிய, அப்பா இரண்டு மஞ்சள் தண்ணீர்க் கான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து, அயலவர் காணாதபடி ஒரு வெறும் உரப்பையால் அவற்றை மூடினார். நான் படலையைத் திறந்துவிட்டேன், என்னைப் பார்க்காமலே போனார். குழந்தைக்கு ஆறு மாதமாகும்வரை, மூன்று நாளுக்கொரு தடவை, மழையென்றும் பாராமல் கொடிகாமத்துக்குப் போய்வந்தார். கேட்டவர்களிடம் தேங்காய் எடுக்கப் போவதாகச் சொன்னார். குழந்தை ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தது. நான் சொன்னதுதான் சரியென்று ஆயிற்று, ஆனால் அந்த வெற்றி எனக்கு ஒரு நாள்கூட இனிக்கவில்லை. அப்பா பழையபடி என்னோடு சிரித்துப் பேச வெகுநாள் பிடித்தது.

தொட்டி அதன்பாட்டில் சீர்ப்பட்டது. மழைத்தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தேன், யன்னலுக்குப் பழைய சேலைத் துண்டொன்றைத் திரையாகக் கட்டி வெயிலைக் குறைத்தேன், மிச்சச் சத்தை உறிஞ்சட்டும் என்று வேர் தொங்க மிதக்கும் ஆகாயத்தாமரை நான்கைந்து விட்டேன்; வெளிச்சமும் சத்தும் அதைத் தின்னுகிற செடிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவந்த ஒரு நாளில் அடிமணல்வரை தெரிந்தது. அடுத்த போகத்தில் அப்பா வெங்காயத்துக்கு அரைப்பங்கு உரம்தான் போட்டார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. வெங்காயம் சிறுத்துப்போனதைப் பார்த்து “என்ன, தோட்டத்துக்கும் விரதமோ?” என்று அயலவர்கள் பகிடி பண்ணினார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார், அதற்கடுத்த போகமும் அரைப்பங்குதான் போட்டார்.

இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அதே வீட்டில் இப்போது என்னிடம் நான்கடி நீளத் தொட்டி இருக்கிறது. விளக்குக்கு நேரம் வைக்கவும் எந்தச் சத்து எவ்வளவு என்று சொட்டு மருந்து விட்டுப் பார்க்கவும் பழகிவிட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் செடிக்கென்று விலைக்கு வாங்கி விடுகிற நைத்திரேற்று என்ற உரச்சத்து எங்களுக்குக் கிணற்றிலேயே கிடைக்கிறது. செம்பு கேட்டு யாரும் படலைக்கு வருவதில்லை, வீதிக்கு வீதி வடிகட்டிய தண்ணீர் விற்கிறார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுதான். தண்ணீர் குடிக்கிறவரின் முகத்தைப் பார்த்து நிற்கும் அப்பாவை நான் பார்த்துக் கனகாலம். அவர் தோட்டத்தை விட்டுவிட்டார், கண்ணும் மங்கிவிட்டது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே தண்ணீருக்கு வேலி கிடையாது, ஊர் முழுவதும் போடுகிற உரம் எங்கள் கிணற்றுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை நான் அவருக்கு விளக்கிச் சொன்னதில்லை.

போன மாதம் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்து விட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எப்பிடிப் பிள்ளை, குறைஞ்சிட்டுதோ?”

சிவப்பு ஏற ஏற நைத்திரேற்று கூட என்று அர்த்தம்; குழாய் கடும் சிவப்பாக இருந்தது. அதைவிடக் கடுமையான நிறம் என்னிடமிருந்த அட்டையிலேயே இல்லை.

“ஓம் அப்பா. முந்தியைவிடக் குறைவு.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. “இவ்வளவு வருசமும் அரைப்பங்கோடை செய்தனான்” என்றார். “குறையாமல் விடுமே?”

விடாது அப்பா என்று சொல்ல வாயெடுத்தவள், குழாயிலிருந்த சிவப்பை அவர் காணாதபடி வாளிக்குள் ஊற்றினேன்.