பெல்மீராவின் பானை மாறிய ஞாயிறு

பெல்மீரா அமெரிக்காவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். ஃபால் ரிவர் என்ற ஊரில், தையல் ஆலையில், சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. எங்கள் தீவுக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால் அவள் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. திரும்பி வந்தாளே, அதுதான் அதிசயம். புருஷனை அங்கே அடக்கம் செய்துவிட்டு, ஒரே மகனை அங்கேயே விட்டுவிட்டு, ஐம்பத்து நான்கு வயதில் எங்கள் ஊர் ஃபுர்னாஸுக்கு வந்து, அப்பா வீட்டு முன்னறையில் ஆறு மேஜை போட்டு, சாப்பாட்டுக் கடை என்று வாசலில் பலகை மாட்டினாள். எதிர்வீட்டில் இருக்கிற நான்தான் அந்தப் பலகைக்கு ஆணி கொடுத்தேன்.

ஊர் சிரித்தது. ஏரிக்கரையில் பெரிய ஓட்டல்கள் இருக்கின்றன. பேருந்தில் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அங்கேதான் இறங்குவார்கள். சந்துக்குள் ஆறு மேஜையை யார் தேடி வரப் போகிறார்கள்?

"அங்க சட்டை தச்ச கையால இங்க சட்டி தூக்கப் போறியாக்கா?" என்று அவள் தம்பி குவால்தேரே கேட்டான்.

"நீ குழி தோண்டற வேலையப் பாருடா. உன்னை யாரு ருசி பாக்கக் கூப்பிட்டா?"

குவால்தேருக்கு அதுதான் வேலை. எங்கள் ஏரிக்கரையில் தரை எரிமலைச் சூட்டில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும், மண்ணிலிருந்து புகை வரும். கொசீது என்கிற எங்கள் ஊர்ப் பானைக்கறி வேண்டுமென்றால் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. மாட்டிறைச்சி, பன்றி, கோழி, கோசு, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாவற்றையும் சொட்டுத் தண்ணீர் விடாமல் பானையில் அடுக்கி, துணியில் கட்டி, விடியற்காலையில் குழியில் இறக்கி மண்ணைப் போட்டு மூடிவிடுவோம். மத்தியானம் வரை பூமி வேக வைக்கும். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பானைகளை இறக்குவதும் ஏற்றுவதும் குவால்தேர்தான். மற்றவர்கள் மண்மேட்டில் பெயர்ப்பலகை நடுவார்கள். அவன் நட மாட்டான். "என் காலுக்குத் தெரியும்" என்பான்.

கடை திறந்து எட்டு மாதம் ஆகியும் தபால்காரரும் இரண்டு மேய்ப்பர்களும் தவிர யாரும் வரவில்லை. பாதிரியார் ஒருநாள் வந்தார், சூப் மட்டும் குடித்தார். மகன் வாரம் தவறாமல் போன் செய்து, "வந்துரும்மா, நான் டிக்கெட் எடுத்து அனுப்பறேன்" என்று கெஞ்சுவான். கடைசியில் அவளே ஒரு கெடு வைத்தாள். "செப்டம்பர் முடியட்டும். அதுக்குள்ள கடை எழுந்து நிக்கலேன்னா பூட்டிட்டு உன்கிட்டயே வந்துடறேன்." இதைச் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வைத்ததும் ஆறு மேஜையையும் துடைத்தாள். ஒன்றிலும் தூசி இல்லை.

செப்டம்பர் இரண்டாவது வாரம் நெலியோ என்ற வழிகாட்டி வந்தான். பெரிய ஓட்டலோடு அவனுக்கு ஏதோ மனஸ்தாபம். 'தோனா' என்று மரியாதை போட்டுத்தான் அவளிடம் பேசுவான். "ஞாயித்துக்கிழமை ஜெர்மன்காரங்க பதினாலு பேரு தோனா பெல்மீரா. அவங்களுக்குப் புடிச்சிருந்தா வாராவாரம் கூட்டிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு. பன்னிக்காது, கால், ரத்தம் அடைச்ச குடல் எதுவும் பானையில இருக்கக் கூடாது. பாத்தாலே பயந்துருவாங்க."

"காது இல்லாத பானையா? சொட்டைத் தலைக்குச் சீப்பு வச்ச மாதிரி இருக்கும்டி" என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கெடு வைத்தவளுக்குப் பயம் இருக்காதா? கோழி, கொழுப்பில்லாத மாட்டிறைச்சி, கோசு, காரட் என்று வெளுத்த பானையாக அடுக்கினாள்.

அதே ஞாயிற்றுக்கிழமை, பத்து வீடு தள்ளி ஒனொரீனா வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். அவர்கள் பானையையும் குவால்தேரிடம்தான் கொடுத்தார்கள். இரண்டு பானையும் ஒரே சந்தையில் வாங்கியவை, ஒரே அளவு, ஒரே வெள்ளைத் துணி. அன்று காலையில் குவால்தேர் யோசித்துத்தான் வேலை செய்தான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்கா பானையை வழக்கமாக இறக்குகிற குழி கடுஞ்சூடு. அதில் கொழுப்பில்லாத கறியைப் போட்டால் நாராகிவிடும். ஆகவே அதில் ஒனொரீனாவின் பானையை இறக்கிவிட்டு, அக்கா பானையைப் பக்கத்தில் இருந்த மிதமான குழியில் வைத்தான். காதும் காலும் வேகக் கடுஞ்சூடுதானே வேண்டும்? எல்லாம் சரி. மத்தியானம் அவன் கால் தன்பாட்டுக்குப் பழைய குழிக்கே போய்விட்டது. அன்று அவன் குடித்திருந்தான் என்று ஊரில் சொல்வார்கள். பொய். அவன் வாயை மோந்து பார்த்தவள் நான்.

ஜெர்மன்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெல்மீரா முதலில் தட்டைக் கல்லில் சுட்ட இனிப்பு ரொட்டியும், மிளகாய் விழுது தடவிய வெண்பாலாடைக்கட்டியும் வைத்தாள். தெருக்குழாயில் பிடித்த புளிப்பு ஊற்றுத் தண்ணீரைக் குடித்து ஒருவர் முகம் சுளித்தார். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார். எங்கள் திராட்சை ஒயினை முகர்ந்துவிட்டு ஸ்ட்ராபெர்ரி வாசம் என்றார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

சமையலறையில் அவளும் நானும் துணியை அவிழ்த்தால், மேலே மல்லாந்து கிடக்கிறது பன்றிக்காது. அடியில் காலும் கருத்த ரத்தக்குடலும்.

"டேய் குவால்தேர்! எந்தக் குழியிலேர்ந்துடா எடுத்த?"

"எப்பவும் எடுக்கற குழியிலேர்ந்துதான்க்கா..." என்றவன் பாதியில் நிறுத்தித் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ. உன் பானை ஒனொரீனா வீட்டுக்குப் போயிருச்சு."

பெல்மீரா துணியைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள். அதற்குள் வாசம் முன்னறைக்குப் போய்விட்டது. பெரிய உடம்புக்கார அம்மா ஒருத்தி எழுந்து நேராகச் சமையலறைக்குள் வந்தாள். காதைக் காட்டி என்னவோ கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே ஓடிவந்த நெலியோவின் முகம் வெளிறிவிட்டது.

"என்ன சொல்றா அந்தம்மா?" என்று நான் கேட்டேன்.

"அவங்க பாட்டி வீட்டுல இப்படித்தான் இருக்குமாம். இதுதான் வேணுமாம்."

அந்த நேரத்தில் வாசலில் சத்தம். வெளுத்த பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒனொரீனா நிற்கிறாள். பின்னால் நீள வெள்ளை அங்கியில் குழந்தையோடு அவள் மாமியார்.

"பெல்மீரா! இது ஞானஸ்நான விருந்தா, ஆஸ்பத்திரிப் பத்தியமா? எங்க மாமனார் பானைக்குள்ள கையை விட்டுக் காதைத் தேடிட்டு இருந்தாரு!"

"காது இங்கதான் இருக்கு, கத்தாத."

"கத்தாம? மூணு மாசமா வளத்த பன்னிடீ அது!"

பெல்மீரா வெளுத்த பானையை வாங்கி வைத்துவிட்டு, கட்டிய பானையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். "உன் பானை உனக்குத்தான் ஒனொரீனா. ஒரு ஓரம் மட்டும் கிள்ளிட்டாங்க, மன்னிச்சுக்கோ. குழந்தை பேருல வச்ச விருந்து, நான் தொட மாட்டேன். இவங்க என் வெளுத்த பானையையே சாப்ட்டுட்டுப் போகட்டும்." வாராவாரம் என்று நெலியோ சொன்ன வார்த்தையும் அந்தப் பானையோடு போகிறது என்பது அவளுக்குத் தெரியாதா?

ஒனொரீனா பானையை வாங்கிக்கொண்டு முன்னறையைப் பார்த்தாள். பதினான்கு பேரும் கையில் முள்கரண்டியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை பேரை வாசத்தைக் காட்டி ஏங்க வச்சுட்டு, வீட்டுக்குப் போயி எனக்குத் தொண்டையில இறங்குமா?" என்றாள். "மேஜையைத் தெருவுல இழுத்துப் போடு. எங்க வீட்டுக்காரங்களையும் கூப்புடறேன்."

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் மாமியார்.

"நீங்க குழந்தையைப் புடிச்சுக்கிட்டா போதும் அத்தை."

இரண்டு பானையும் தெருவில் இறங்கின. ஒனொரீனாவின் மாமனார் ஜெர்மன்காரர் ஒருவரின் தட்டில் காதின் பெரிய பாதியை வைத்து, தின்று முடிக்கும்வரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ரத்தக்குடலை அன்னாசித் துண்டோடு கடிக்க வேண்டும் என்று குவால்தேர் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் காட்டினான். எல்லாருக்கும் பிடித்தது என்று சொன்னால் பொய். இரண்டு பேர் காதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவர்களுக்கு வெளுத்த பானை உதவியது. மாமியார் தன் வீட்டுக் குடலைத் தவிர வேறெதையும் தொடவில்லை, வருஷம் ஒன்றாகியும் குவால்தேரிடம் பேசவுமில்லை. குழந்தை மட்டும் கை மாறி மாறிப் போய், கடைசியில் யாரோ ஒரு ஜெர்மன்காரர் தோளில் தூங்கிவிட்டது.

பேருந்து இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. நெலியோ தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இருபது பேரு தோனா பெல்மீரா. இன்னைக்கு வந்தவங்க அவங்க ஓட்டல்ல சொல்லியே தீருவோங்கறாங்க. அப்பவும் ஞானஸ்நானம் இருக்குமான்னு கேக்கறாங்க."

"ஞானஸ்நானத்துக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. காதுக்குக் குடுக்கறேன்."

இருபது பேர் என்றான், பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இருபத்து மூன்று பேர். மழைக்காலத்தில் இரண்டு மேஜைதான் நிறைகிறது, அதை மறைப்பானேன்? ஆனால் கடையைப் பூட்டவில்லை.

செப்டம்பர் கடைசி நாளில் மகன் போன் செய்தான். மாவு பிசைந்த கையோடு ஓடிவந்து எடுத்தாள், போனெல்லாம் மாவு.

"டிக்கெட் எடுக்கட்டுமாம்மா?"

"எடு," என்றாள் பெல்மீரா. "உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் எடு. அடுத்த ஆகஸ்ட் கூட்டத்துக்கு வா, பரிமாற ஆள் பத்தல."