அப்பா அழுத்திய ஐந்து

எங்கள் வீட்டுக்கு வெந்நீர் ஹீட்டர் வந்த கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈர விறகை ஊதி ஊதி அம்மாவுக்கு இருமல் விடவே இல்லை என்று அப்பா போனில் ஆர்டர் போட்டார். வந்ததே உடைந்துதான் வந்தது. ஹீட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்கள் பணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. அது வந்தால்தான் வேறு வாங்க முடியும்.

மூணாறு எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு டவர் எட்டாது. ஜீப் நிறுத்தும் வளைவுக்கு இறங்கிப் போய்த்தான் அப்பா கம்பெனியைக் கூப்பிடுவார். படிக்கிற பிள்ளை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள். பிறகு ஒரு பெண் வந்து, 'சார், சார்' என்று குழைந்து, ரெண்டே நாளில் பணம் வந்துவிடும் என்பாள். கடைசியாக ஒரு பதிவுக் குரல், திருப்தி என்றால் ஐந்தை அழுத்துங்கள், இல்லையென்றால் ஒன்றை அழுத்துங்கள் என்னும். அப்பா ஐந்தை அழுத்துவார். நாங்கள் மேடேறுவதற்குள், புகார் தீர்ந்தது, நன்றி என்று மெசேஜ் வந்துவிடும். அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும்.

"காசுதான் வரலையேப்பா! ஒண்ண அமுக்குங்க" என்று கத்துவேன்.

"அந்தப் புள்ள என்னம்மா செய்யும்? மரியாதையாத்தான பேசுது" என்பார்.

ஒருநாள் அம்மாவும் இருமிக்கொண்டே கூட இறங்கி வந்தாள். "அந்த மரியாதைய அடுப்புல வச்சா வெந்நி காயுமா?" என்று போனைப் பிடுங்கி ஒன்றை அழுத்தினாள். எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த வாரமே பணம் வந்தது. பின்னாலேயே புது ஹீட்டரும் வந்தது.

அதற்கப்புறமும் அப்பா வளைவுக்குப் போனார். "கம்ப்ளெயிண்ட் ஒண்ணுமில்லம்மா. அன்னைக்குப் பேசின புள்ள இன்னும் வேலையில இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்று யாரிடமோ கெஞ்சினார். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார். பணம் கைக்கு வந்த பிறகும் கம்பெனியைத் துரத்துகிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதற்கு முந்தின சீசனில், மூடுபனியில் எதுவுமே தெரியவில்லை என்று, அப்பா ஓட்டும் ஜீப்பில் வந்த ஒரு டூரிஸ்ட் அவருக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போனார். புக்கிங் கம்பெனி அதோடு சவாரி தருவதை நிறுத்தியது. ஜீப் அதே வளைவில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. யாரோ அழுத்துகிற ஒன்று என்ன செய்யும் என்பது அப்பாவுக்குத் தெரியும். எனக்கோ, பள்ளி விட்டு வந்தால் அப்பா வீட்டிலேயே இருக்கிறார் என்று அந்த சீசன் முழுக்க ஒரே கொண்டாட்டம்.