மாமாவின் திராட்சைப் பந்தல்

அம்மாவின் தம்பி போர்வெல் லாரியில் வேலை பார்த்தார். நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் லாரி பழுதாகி நின்றது. லாரி கிளம்பிய பிறகும் மாமா கிளம்பவில்லை. ஒயின் திராட்சை வளர்க்கக் கற்றுக்கொண்டு, ஈரச் சாக்கில் நடவுக் குச்சிகளைச் சுற்றிக்கொண்டு எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் மிளகுத் தோட்டத்து ஓரத்தில் இருந்த சரளைச் சரிவை அப்பாவிடம் கேட்டார்.

"அங்க சாமைகூட வெளையாது."

"அதுதானுங்க மச்சான் வேணும்."

மூன்றாம் வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஒயின் நன்றாக வந்தால் தன் நிலத்திலேயே பந்தல் போட்டுத் தருவதாகச் செம்மேட்டு விடுதிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். மாமா மறுபடி லாரி ஏற வேண்டியிருக்காது. அம்மாவுக்கு அதுதான் ஆசை. லாரிக்குப் போனால் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஒருமுறை இரண்டு விரல் இல்லாமல் வந்தார்.

சித்திரையில் காய் கறுக்கத் தொடங்கியதும் மாமா தண்ணீரை நிறுத்தினார். இலைகள் சுருண்டன. எங்களுக்குக் கொடி என்றால் மிளகுக்கொடிதான். அது வாடினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"ஏந்தம்பி, வாயில்லாத சீவன இப்படிக் காயப் போடறயே?"

"காஞ்சாத்தாங்க்கா சாறு கெட்டியாகும். தண்ணி குடிச்சா பழம் ஊதிக்கும், ருசி போயிரும்."

"அப்ப உனக்கும் இன்னிக்குச் சோறு கெடையாது. நீயும் ருசியா இரு."

மாமா பீப்பாய் வாங்கச் சேலம் போனார். அந்த வாரம் முழுக்க, பொழுது சாய்ந்ததும் அம்மா குடத்தோடு சரிவில் இறங்கினார். பின்னால் சொம்போடு நான்.

"மாமங்கிட்டச் சொல்லாத கண்ணு. நல்லாக் காய்ச்சாத்தான அவன் இங்கயே இருப்பான்."

மாமா திரும்பி வந்தபோது பழங்கள் கோலிக்குண்டுபோல் பருத்திருந்தன. அம்மா பெருமையாக நின்றார். மாமா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். கொடியடி மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். கிளறிய மண்ணைக் காலாலேயே மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆவணியில் விடுதிக்காரர் வீட்டுக்கு வந்து, மாமா போட்ட ஒயினில் ஒரு வாய் குடித்தார். "தண்ணியாட்டம் இருக்குதேப்பா" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அத்தன நல்லாக் காய்ச்சுதே, என்ன சாமி ஆச்சு?"

"பழுக்கற சமயத்துல மழ பேஞ்சிருச்சுக்கா. அதுக்கு ஆரு என்ன பண்றது?"

மிச்சத்தை அப்பாவும் மாமாவுமாகச் சிரித்துச் சிரித்துக் குடித்துத் தீர்த்தார்கள். அடுத்த வாரம் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு மாமா லாரி ஏறினார்.

பிறகு நானும் எட்டாவதோடு படிப்பை விட்டு அதே லாரியில் ஏறினேன். பல ஊர்த் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்கும் இருந்தேன்; மாமா சொன்னது அங்கேதான் விளங்கியது. ஆனால் அன்றைக்கு எனக்கு மாமாவை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. அந்தச் சித்திரையில் எங்கள் மலையில் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை. அதுகூடவா இவருக்குத் தெரியாது?