தின்னர் டின்னுக்கு மேலே பெருமாள்

பெயிண்டைக் கரைக்கிற தின்னரைப் பார்த்தால் தண்ணீர் போலத்தான் இருக்கும். அது அதனுடைய முதல் கெட்ட குணம். இரண்டாவது, அது டின்னுக்குள் சும்மா உட்கார்ந்திருக்காது. மூடியைத் திறந்தால் ஆவியாகக் கிளம்பி, தரையோடு தரையாகப் போய், எங்காவது நெருப்பு இருக்கிறதா என்று தேடும். மெட்ராஸில் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் நான் தொழில் பழகியபோது அங்கே புருவமே இல்லாத ஒருவர் இருந்தார். ஸ்ப்ரே கன்னைக் கழுவி வைத்துவிட்டு, நிம்மதியாக ஒரு பீடி பற்றவைத்தவர். "நான் பத்த வெச்சது பீடியத்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வழவழப்பான நெற்றியை மனசில் வைத்துக்கொண்டுதான் நான் சித்தூருக்கு வேலைக்கு வந்தேன்.

புத்தலப்பட்டுக்குப் போகும் சாலையில் எங்கள் முதலாளியின் பஸ் ஷெட் இருந்தது. திருப்பதிக்கும் திருத்தணிக்கும் அவருடைய வண்டிகள் ஓடின. ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை எல்லைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி அந்தப் பேச்சில் தலையிடவில்லை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் பஸ் ஓடியாக வேண்டும் என்று, எல்லா வண்டிகளுக்கும் புதுப் பெயிண்ட் அடித்து, ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் தெலுங்கிலும் ஊர்ப்பெயர் எழுதச் சொல்லிவிட்டார். பெயிண்ட் அடிப்பதும் தமிழ் எழுத்தும் என் வேலை. தெலுங்கு எழுத்துக்குக் காளஹஸ்தியிலிருந்து ஒருவர் வருவார்.

நான் நகரிப் பக்கத்துக் கிராமத்தான். எட்டாவது வரை படித்தவன். எனக்குப் பேச வராது என்றில்லை, ஆட்கள் முன்னால் வராது. எதிரே நிற்பவர் வயதிலோ பதவியிலோ பெரியவராக இருந்தால், சொல்ல வந்தது தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். நாற்பது வயதாகியும் இந்தக் கூச்சம் போகவில்லை. ஷெட்டின் மேஸ்திரி என் மனைவியின் ஊர்க்காரன். என்னை மாமா என்று கூப்பிடுவான். கேலி செய்ய அந்த உறவு போதாதா?

"மாமா வாயும் அந்த கன் மூக்கும் ஒண்ணுதான். எப்பவும் அடச்சிக்கினு கீது. கன்னுக்கு தின்னர் ஊத்திக் கழுவலாம், இதுக்கு இன்னாத்த ஊத்தறது?"

அந்த வாயும் ஒரே ஒரு தடவை திறந்தது. வந்த வருஷம் மழைக்காலத்தில், சாரல் அடிக்கிறதென்று கதவுகளைச் சாத்திக்கொண்டு ஒரு வண்டிக்கு அடித்தேன். அங்கேயே உட்கார்ந்து கன்னையும் கழுவினேன். தலை லேசாகி, உடம்பெல்லாம் மிதந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். "முதலாளி, உங்க மீச எடது பக்கம் கொஞ்சம் எறங்கிக்கினு கீது. கண்ணாடி பாத்து வெட்டக்கூடாதா?" என்று நான் கேட்டேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. வெளியே இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்த மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கை தானாக மீசையின் இடது பக்கம் போகும்.

அன்று முதல் மழையானாலும் வெயிலானாலும் முன்கதவும் பின்கதவும் திறந்த பிறகுதான் நான் கன்னைத் தொடுவேன். மூக்கில் கட்டுகிற துணி பெயிண்ட் தூசுக்குத்தான் ஆகும். தின்னர் வாடைக்குக் காற்று ஒன்றுதான் மருந்து. கழுவுவதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். மிச்சப் பெயிண்டை வடித்துவிட்டு, கோப்பையில் கொஞ்சம் தின்னர் விட்டுக் குலுக்கி, வெறும் காற்றில் பீய்ச்சாமல் ஒரு டின்னுக்குள் பீய்ச்சுவேன். பிறகு கம்ப்ரஸரை நிறுத்திக் காற்றையும் விட்டுவிட்டு, கன் மூக்கைக் கழற்றி, ஊசியை உருவி, தட்டில் போட்டுச் சின்ன பிரஷ்ஷால் தேய்ப்பேன். துவாரத்தில் கம்பி விட்டால் கன் கெட்டுவிடும், விளக்குமாற்று ஈர்க்குதான். ரப்பர் கையுறையை மெட்ராஸில் பார்த்ததோடு சரி. இங்கே கையில் கடலை எண்ணெய் தடவிக்கொள்வேன், முடிந்ததும் சோப்புப் போடுவேன். மேஸ்திரி மாதிரி தின்னரிலேயே கை கழுவினால் தோல் வறண்ட ஏரி மாதிரி வெடித்துவிடும். துடைத்த துணிகளைத் தண்ணீர் விட்ட டின்னில் போட்டு மூடிவிடுவேன்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கதவையும் திறந்து வைத்ததில், சித்தூர் வெயிலுக்கு ஊரிலேயே ஜிலுஜிலுவென்று காற்று வரும் இடமாக அந்த ஷெட் ஆகிவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தவர் முதலாளியின் தகப்பனார்.

பெரியவர் ஒரு நாள் மதியம் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து என் தின்னர் டின்களுக்குப் பக்கத்தில் போட்டார். "ஜில்லுனு கீது நைனா இங்க. வூட்ல வெந்து சாவறேன்" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்தார். குச்சியை அணைக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எரிந்துகொண்டிருக்கும்போதே சுண்டிவிடுவார். அது போய் எங்கே விழுகிறதென்றும் பார்க்க மாட்டார். நான்தான் பார்ப்பேன்.

தினமும் வந்தார். நான் டின்களை வலது மூலைக்குக் கொண்டுபோனால், காற்று அங்கேதான் நன்றாக வருகிறதென்று கட்டிலும் வலது மூலைக்கு வந்தது. ஒரு நாள் துணிந்து, புகை பட்ட மாதிரி இருமிக் காட்டினேன்.

"சளியா நைனா? இத்த ரெண்டு இழுப்பு இழு. அறுத்துக்கினு போயிடும்" என்று சுருட்டை நீட்டினார்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "நீயாவது சொல்லேன்."

"நான் எப்படி சொல்றது மாமா? அவுரு சுருட்ல பாதி எனக்கில்ல தர்றாரு."

வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று தோன்றியது. ஒரு தகரத்தை வெள்ளையடித்து, சிவப்பில் "நெருப்பு கூடாது" என்று, நிழல் விழுகிற மாதிரி எழுதி, கட்டிலுக்கு நேர் எதிரே தூணில் மாட்டினேன். மதியம் பெரியவர் வந்தார். சுருட்டு புகைந்துகொண்டிருக்க, நெடுநேரம் அதையே பார்த்தார்.

"எழுத்து முத்து முத்தா கீது நைனா. எனக்கு இதுவும் வராது, தெலுங்கும் வராது. இன்னா எழுதிக்கீற?"

வாயைத் திறந்தேன். "சும்மாதான் பெரியவரே" என்று வந்தது.

அதன்பின் தினமும் அவர் வந்ததும் அந்தத் தகரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஏதோ வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதமே ஒரு வண்டி முடிந்து, வெள்ளோட்டமாகத் திருப்பதி வரை போனோம். மலையடிவாரத்துக் கடையில் பெருமாள் படங்கள் வரிசையாக மாட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு யோசனை வந்தது. பெரியவர் யாருக்கு அடங்காவிட்டாலும் ஏழுமலையானுக்கு அடங்குவார். கண்ணாடி போட்ட படம் ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே வந்து, மறுநாள் காலை தின்னர் டின்களுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன்.

மதியம் பெரியவர் சுருட்டுடன் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்ததும் சுருட்டு இருந்த கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. பின்புறமாகவே நடந்து வாசலுக்குப் போய், அதை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பீடியோடு வந்த மேஸ்திரியையும் அவரே அதட்டினார். "சாமி பாத்துக்கினு கீறாரு, கண்ணு தெரியல?"

நான் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்தேன். ஒரு வார்த்தை பேசாமல் காரியம் முடிந்துவிட்டது. அந்த வாரம் வீட்டில் என்னைப் பார்த்து, என்ன இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் பெரியவர் ஊதுவத்தியோடு வந்தார்.

"சாமிய வெறுமனே தொங்கவுட்டா பாவம் நைனா."

ஊதுவத்திக்குப் பிறகு ஓர் அகல் விளக்கு வந்தது. இதற்கு என்னிடம் வழி இல்லை. சுருட்டையாவது வேண்டாம் என்று சொல்லலாம், பெருமாளுக்கு விளக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பெரியவர் கண்ணயர்ந்ததும் மெதுவாகப் போய் விளக்கை அணைத்துவிடுவேன். அவர் எழுந்து பார்த்துவிட்டு, "காத்துக்கு நிக்க மாட்டேங்குது. திரி பத்தல" என்பார். மறுநாள் பெரிய விளக்கு வந்தது. அதையும் அணைத்தேன். அதற்கு மறுநாள் ஐந்து முக விளக்கு வந்தது.

மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மாமா, ஒரு சுருட்டு இருந்த எடத்துல இப்ப அஞ்சு திரி எரியுது. இன்னும் ரெண்டு சாமி மாட்டிடாத" என்றான்.

டின்களை வேறு மூலைக்கு மாற்றினேன். தின்னர் திறக்கிற வேலையை எல்லாம் காலையிலேயே, பெரியவர் வருவதற்கு முன்னால் முடித்துக்கொண்டேன். இப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்தபோது புரட்டாசி பிறந்தது. திருப்பதி வண்டி ஒன்று தெலுங்கு எழுத்தோடு தயாராக நின்றது. முதல் சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டிலேயே பூஜை போட்டு வண்டியை எடுப்பதென்று முதலாளி சொல்லியிருந்தார். மத்தியானம்தானே என்று, விடிந்ததுமே வண்டியின் ஓரங்களுக்குக் கடைசிப் பூச்சு அடித்துவிட்டு, நான் கன்னைப் பிரித்துத் தட்டில் போட்டேன். தட்டு நிறையத் தின்னர். சுற்றிலும் நனைந்த துணிகள். கையெல்லாம் கடலை எண்ணெய். மூக்கில் துணி.

அப்போது முதலாளி, பெரியவர், மேஸ்திரி மூவரும் பூவும் தேங்காயுமாக உள்ளே வந்தார்கள்.

"மத்தியானம் வரைக்கும் இன்னாத்துக்கு?" என்றார் பெரியவர். "ராகுகாலத்துக்கு முன்ன முடிச்சிட்டா வண்டி சாயங்காலத்துக்குள்ள ஒரு நடை போய்க்கினு வந்துடும்."

என் தட்டுக்கும் படத்துக்கும் நடுவே அவர் நின்றார். தாம்பாளத்தில் கற்பூரம் மலை மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துப் பாசத்தோடு தலையசைத்துவிட்டு, வத்திப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசப் போனார். மெட்ராஸ்காரருடைய நெற்றி எனக்குத் தெரிந்தது.

"டேய், கொளுத்தாத!"

முதலாளியின் தகப்பனாரை நான்தான் டேய் என்றேன். மேஸ்திரி கையிலிருந்த தேங்காய் நழுவி உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போயிற்று. பெரியவர் குச்சியும் பெட்டியுமாக அப்படியே நின்றார். முதலாளியின் கை மீசைக்குப் போனது.

"மறுபடியும் வாடை ஏறிடுச்சா இவனுக்கு?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரி முன்கதவைப் பார்த்தான், பின்கதவைப் பார்த்தான். "ரெண்டும் தொறந்துதான் கீது முதலாளி."

அடைத்தது திறந்துகொண்டது. மூக்குத் துணியைக்கூட எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் இருப்பது தண்ணீர் இல்லை என்றேன், துணிகள் பற்றும் என்றேன், வண்டி பற்றும் என்றேன். புருவமில்லாதவரைச் சொன்னேன். சுருட்டையும் இருமலையும் அணைத்த விளக்குகளையும் சொன்னேன். பெருமாள் எதற்கு வந்தார் என்பதையும் சொல்லிவிட்டேன். முடித்தபோது மூச்சு வாங்கியது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

பெரியவர் குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"வெளக்க அணைச்சது நீதானா? ஏன் நைனா முன்னாடியே சொல்லல?"

"எழுதி மாட்டினேனே பெரியவரே." தகரத்தைக் காட்டினேன். "நெருப்பு கூடாதுன்னு."

அவர் தகரத்தைப் பார்த்தார். "அதுவா? நான் கோவிந்த நாமம்னு நெனச்சிக்கினு தெனமும் கும்பிட்டேனே."

மேஸ்திரி பஸ்ஸுக்கு அடியில் தேங்காய் தேடப் போனான். நெடுநேரம் வெளியே வரவில்லை. வண்டி மட்டும் லேசாகக் குலுங்கிற்று.

"தண்ணி மாதிரி கீது. இதுவா அப்படி எரியும்?" என்று முதலாளிக்குச் சந்தேகம். தட்டையும் டின்னையும் மூடிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தின்னர் நனைந்த விரல் நீளத் துணி ஒன்றை இடுக்கியால் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெகுதூரம் தள்ளி மணலில் வைத்தேன். எல்லோரையும் பின்னால் நிற்கச் சொன்னேன். நான் சொல்லி முதலாளி பின்னால் நகர்ந்தது அன்றுதான். பெரியவர் வழக்கம்போலக் குச்சியை எரிய எரியச் சுண்டினார். அது துணியைத் தொட்டதோ இல்லையோ, பக்கென்று இடுப்பளவுக்கு எழும்பிற்று.

பெரியவர் காதிலிருந்த சுருட்டை எடுத்துப் பார்த்தார். அதை மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி வாங்கவில்லை.

தின்னர் வாடை போகும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்றேன். வாய் திறந்த சூட்டில் அதையும் சொல்லிவிட்டேன். அதனால் புது வண்டியை ஆளுக்கொரு பக்கம் நின்று சாலையோரம் வரை தள்ளினோம். முதலாளி என் பக்கத்தில் தோள் கொடுத்தார். பாதி வழியில் என் காதருகே குனிந்தார்.

"மீச இப்ப சரியா கீதா?"

"சரியா கீது முதலாளி."

"பொய் சொல்லாத."

"எடது பக்கம் இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

பெருமாளைச் சாலையோர வேப்பமரத்தில் மாட்டி, கற்பூரத்தை அங்கேயே ஏற்றி, ராகுகாலத்துக்கு முன் வண்டியை அனுப்பினோம். பெருமாள் அங்கேயே தங்கிவிட்டார். விளக்கும் ஊதுவத்தியும் அங்கே போயின.

திங்கட்கிழமை பெரியவருடைய கட்டில் ஷெட் வாசலுக்கு நகர்ந்தது. உள்ளே வருகிற யாராக இருந்தாலும் முதலில் அவர் கையை நீட்டுவார். "வத்திப்பெட்டி." டிரைவர், கண்டக்டர், பெற்ற மகன் யாருக்கும் விலக்கு இல்லை. பெட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு, பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு ஒரு வார்த்தை பேசும் அவசியம் இல்லாமல் போயிற்று. மேஸ்திரி பார்த்துவிட்டு, "மறுபடியும் அடச்சிக்கினுச்சி" என்றான்.

எல்லைச் சண்டை ஒரு வழியாக ஓய்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் என்றானது. ஷெட்டில் இருக்கிற பலகைகளையும் தெலுங்கில் எழுதி வைக்கச் சொன்னார் முதலாளி. காளஹஸ்திக்காரர் வந்து, என் தகரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தகரத்தில், நெருப்பு கூடாது என்பதைத் தெலுங்கில் எழுதி மாட்டினார். பெரியவர் உள்ளே வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இது நாமம் இல்லை என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

அதைக் கும்பிட்டார், இதையும் கும்பிட்டார். "பழகிப்போச்சி நைனா" என்று சொல்லிவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்து, காளஹஸ்திக்காரரிடம் கையை நீட்டினார்.