பெயர் மறைத்த கட்டுரை

பெகிமாய் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் அம்மாவைக் கேட்டால், "கம்ப்யூட்டருக்குச் சட்டம் எழுதுறா" என்பாள். அண்ணனைக் கேட்டால், "எவன் போனை எவன் நோண்டுறான்னு கண்டுபிடிக்கிறா. தொலைஞ்சு போன என் போனை மட்டும் அவளால கண்டுபிடிக்க முடியல" என்பான். கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில், குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றாமலே உட்கார வேண்டிய ஓர் அறையில், சட்டத்தையும் டிஜிட்டல் தொழில்நுட்பத்தையும் சேர்த்து ஆராய்கிற ஐந்தாறு பேரில் அவள் ஒருத்தி. வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. கல்யாணப் பேச்சு எடுத்தால் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள்.

அந்தரங்கத்தைக் காப்பது என்றால் அவளுக்கு உயிர். மடிக்கணினியின் கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாள். பஜாரில் செருப்புக் கடைக்காரன் தள்ளுபடி தருகிறேன், போன் நம்பர் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டால் போதும். எதற்கு, எங்கே வைப்பாய், யாருக்குக் கொடுப்பாய் என்று பிடித்துக்கொள்வாள். பின்னால் நிற்பவர்கள், "அம்மா தாயே, செருப்பு வாங்குறியா, கோர்ட்டு நடத்துறியா?" என்று அலுத்துக்கொள்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இவ்வளவு விவரமானவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அந்த வருஷம் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. நாரின் நகரத்துக்குப் பக்கத்து மலை ஊர்களில் வீட்டில் எத்தனை சிம் கார்டு இருந்தாலும் அத்தனையும் ஆம்பளையின் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கியதாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக் கணினியும் குடும்பத்துக்கு ஒரே நம்பரை, அவனுடைய நம்பரை, வைத்திருக்கும். பெண்டாட்டி எந்த டாக்டரை எதற்காகப் பார்த்தாள் என்ற குறுஞ்செய்தி புருஷனின் சட்டைப் பைக்குள் போய்க் கூவும். இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது, நடப்பில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அவள் உச்-கயின் என்ற ஊருக்குப் போனாள்.

அங்கே ஒரு வாரம் தங்கியது ஊல்கான் வீட்டில். ஊல்கான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், பெகிமாயைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் சூயுன் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். நாலு பெண் பிள்ளைகள். மூத்தது மாவட்டத்துக்காக மல்யுத்தம் செய்கிறது. மாமியார் புர்மா, விருந்தாளியின் தட்டு காலியாக இருப்பதைப் பொறுக்கமாட்டாத மனுஷி. "சாப்பிடு, சாப்பிடு. பட்டணத்துல உங்களுக்கு வெறும் காத்துதான் தர்றாங்க போல" என்று வெண்ணெயை ரொட்டியில் கனமாகத் தடவித் தடவித் தருவாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டே ஊல்கான் கேட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொன்னா எங்கயும் போகாதுல்ல?"

"அக்கா, பேர் போடமாட்டேன். ஊர் பேரும் போடமாட்டேன். அதான் எங்க விதி."

ஊல்கான் சொன்னாள். நாலாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொன்று வேண்டாம், தாங்கமாட்டாய் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டார். வீட்டிலோ ஒரு பையன் பிறந்தே ஆக வேண்டும். யாருக்கும் தெரியாமல் கருத்தடைச் சாதனம் வைத்துக்கொண்டாள். குறுஞ்செய்தி சூயுனுக்குப் போகாமலிருக்க, தொக்மோக்கில் இருக்கும் தங்கையின் நம்பரை ஆஸ்பத்திரியில் கொடுத்தாள். மூன்று வருஷமாக மாமியார் மாசாமாசம் முகத்தைப் பார்க்கிறாள், இவளும் கடவுள் விட்ட வழி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெகிமாய்க்குக் கண் கலங்கியது உண்மை. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று மனசுக்குள் துள்ளியதும் உண்மைதான்.

கட்டுரையில் பேரை எடுத்தாள், ஊரை எடுத்தாள், வயதை 'முப்பதுகளின் இறுதி' என்று மழுப்பினாள். அனுப்பிய வெளிநாட்டுப் பத்திரிகையில் வாசித்துப் பார்த்தவர், ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, இன்னும் உயிரோட்டமாக எழுதுங்கள் என்று கேட்டார். இவளும் எழுதினாள். வேதியியல் ஆசிரியை, நாலு மகள்கள், மூத்தவள் மல்யுத்தக்காரி, கம்பளி கொள்முதல் கிடங்கை ஒட்டிய வீடு, தங்கையின் போன் நம்பர். பத்தி பிரமாதமாக வந்துவிட்டது. எல்லோரும் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார்கள். அல்மாட்டியில் ஒரு பெரிய கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச அழைப்பும் வந்தது.

அதோடு விட்டிருந்தால் அது ஆங்கிலத்திலேயே யாரும் சீண்டாமல் கிடந்திருக்கும். நீ எழுதுவதை நம் சனங்களில் யார் படிக்கிறார்கள் என்று அம்மா ஒருநாள் கேட்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. அந்தப் பத்தியைத் தானே கிர்கிஸில் சுருக்கி எழுதி, தன் படத்தையும் போட்டு, ஓர் இணைய இதழுக்குக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பாடு. அண்ணி ஜிபெக் மாவு பிசைந்த கையைத் துடைத்துவிட்டுப் போனில் அதைப் படித்தாள். ஜிபெக் நல்ல மருமகள். அதாவது, புருஷன் வீட்டாரின் பேரை வாயால் சொல்லாதவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாரை 'உயரமானவர்' என்றும் பெகிமாயைக் 'கண்ணாடிக்காரி' என்றும்தான் சொல்கிறாள். ரொட்டிக் கடைக்காரன் முதல் மாட்டு டாக்டர் வரை ஒருவருக்கும் அவள் யாரைச் சொல்கிறாள் என்று சந்தேகம் வந்ததே இல்லை.

"அட, நம்ம கண்ணாடிக்காரி நல்லாத்தான் எழுதியிருக்கா!" என்றாள் ஜிபெக். "இது உச்-கயின் டீச்சர்தானே? அந்த மல்யுத்தப் பொண்ணோட அம்மா? என் சித்தி மகளை அந்த ஊர்லதான் கட்டிக் கொடுத்திருக்கு. அவ ஊர்க்காரங்க போன் குழுவுல இது நேத்தே வந்துடுச்சாம்."

"நான் பேரே போடலையே, அண்ணி."

"பேர் எதுக்கு? அதான் எல்லாம் இருக்கே" என்று சொல்லிவிட்டு ஜிபெக் மறுபடி மாவில் கை வைத்தாள். அவளுக்கு இதில் தப்பாக எதுவும் படவில்லை.

பெகிமாய் மேசையை விட்டு எழுந்தாள். பத்து வருஷம் படித்து, நாலு மாநாட்டில் இதையே பேசியவள். பேரைச் சொல்லாமல் ஆளைச் சொல்வதுதான் இந்த நாட்டு மருமகள்கள் தினமும் செய்கிற வேலை என்று தெரியாமலா வளர்ந்தாள்? கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் ஊல்கானே கூப்பிட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டாஃப் ரூமிலிருந்து பேசுகிற குரலில் பேசினாள்.

"மாமியார் இன்னும் முழுசா நம்பல. எழுதின பொண்ணு நம்ம வீட்டுலதானே தங்குனா, அவ வாயால கேக்கணும்கறாங்க. நீ வந்து உக்காந்து, அது ஊல்கான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. நான் வேற எதுவும் கேக்கல."

"அக்கா, நான் மன்னிப்பு..."

"மன்னிப்பு எனக்கு வேண்டாம். அந்த வார்த்தைதான் வேணும்."

"வர்றேன் அக்கா. சொல்றேன்."

ஆய்வு மையத் தலைவி கலீமா இசாகோவ்னாவிடம் விடுப்புக் கேட்கப் போனபோது விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. கலீமா இசாகோவ்னா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீ விதிப்படிதான் செஞ்சிருக்க. பேர் இல்ல, ஊர் இல்ல. போறதுன்னா போ. ஆனா ஆமான்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத. நீ இல்லைன்னு சொல்றதை எவனாவது பதிவு பண்ணிப் போட்டான்னா, உதாரணமே கட்டுக்கதைன்னு அல்மாட்டியில எழுந்து நின்னு கேப்பாங்க. அப்புறம் உன்னையும் யாரும் நம்பமாட்டாங்க, எங்களையும் நம்பமாட்டாங்க."

"அவங்க உயிர்ப் பிரச்சினை, கலீமா இசாகோவ்னா."

"தெரியுது. அதனாலதான் ஜாக்கிரதையா பேசுன்னு சொல்றேன்."

நாரின் போகும் வேனில் வழி நெடுக அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். அது ஊல்கான் அக்கா இல்ல. அது வேற ஊர்க்காரி. பக்கத்தில் இருந்த பெரியவர், "பரீட்சையாம்மா?" என்று கேட்டுவிட்டு ஒரு ஆப்பிளைக் கொடுத்தார். கணவாய் ஏறி இறங்குவதற்குள் வார்த்தை நாக்கில் நன்றாகப் படிந்துவிட்டது. சொல்லிவிடுவேன் என்றுதான் நம்பினாள்.

புர்மா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். முகத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மேசை நிறைய ரொட்டி, ஜாம், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக், நடுவில் ஆட்டுக்கறி. நல்ல துண்டம் பெகிமாயின் தட்டில். பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தார்கள். சூயுன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் போன் மேசைமேல், ரொட்டிக்குப் பக்கத்தில், பெகிமாயைப் பார்த்தபடி ஜாடியில் சாய்ந்திருந்தது. ஊல்கான் தேநீர் ஊற்றினாள், மரியாதைப்படி கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் போல.

"மகளே," என்றாள் புர்மா, "நீ எங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவ. சுத்தி வளைக்காம கேக்குறேன். நீ எழுதினது எங்க வீட்டு மருமகளைப் பத்தியா?"

வார்த்தை தயாராக இருந்தது. ஊல்கான் தேநீர்க் கூஜாவைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெகிமாயின் கண் போனுக்குப் போயிற்று. பதிவு செய்கிறான் என்று நினைத்தாள். அல்மாட்டி மேடை நினைவுக்கு வந்தது. யாரோ எழுந்து நின்று கேட்பது நினைவுக்கு வந்தது.

"நாங்க பேசுனவங்க யாருன்னு சொல்லக்கூடாதும்மா," என்றாள். "ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அது எங்க விதி."

மடிக்கணினிக்குப் பிளாஸ்திரி ஒட்டியவளுக்குத் தன் வாய்க்கு ஒன்று ஒட்டத் தெரியவில்லை. அந்த மேசையில் அவள் சொன்ன பதிலுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. சூயுன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்ல, இல்லம்மா, அது அக்கா இல்ல!" என்றாள் பெகிமாய் அவசரமாக. "வேற ஊர்க்காரி. சத்தியமா."

"முதல்ல கேட்டப்ப அது உனக்குத் தெரியலையா?"

புர்மாவின் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. தலைமுண்டாசைச் சரிசெய்துகொண்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு இவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வச்சதை எடுத்துட்டு வரட்டும்."

"அம்மா, வேண்டாம், இன்னொரு பிரசவம்னா அவங்க உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. வேற ஊர்க்காரி என்று சத்தியம் செய்த வாய் இன்னும் மூடக்கூட இல்லை.

"எந்த டாக்டர், மகளே?" என்று கேட்டாள் புர்மா. "எங்ககிட்ட யாரும் சொல்லலையே. உன்கிட்ட மட்டும் எப்படி?"

சூயுன் எழுந்து ஜாடியில் சாய்த்திருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். போடுவதற்கு முன் பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, சார்ஜ் தீர்ந்து எப்போதோ செத்துவிட்டது என்று முனகினான்.

ஊல்கான் கூஜாவைச் சாய்த்து, பெகிமாயின் கிண்ணத்தை விளிம்பு தளும்ப நிரப்பினாள். அந்தப் பக்கத்தில் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வது அப்படித்தான். பெகிமாய் கையில் சிந்தச் சிந்த அதைக் குடித்து முடித்தாள்.

விருந்தாளியை வாசல் வரை கொண்டுவிட வேண்டும். அதையும் ஊல்கான்தான் செய்தாள். மீந்த கறியையும் போர்சோக்கையும் பையில் கட்டிக் கையில் கொடுத்தாள். கம்பளிக் கிடங்குச் சுவரோரம் மூத்த மகள் நின்றிருந்தாள்; பெகிமாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, நான் அந்தக் கட்டுரையை எடுக்கச் சொல்றேன். இதழ்ல இருந்தும் எடுக்கச் சொல்றேன். சட்டத்துல அதுக்கு வழி இருக்கு. பேர் போடலைன்னாலும்..."

"பேரைப் போட்டிருக்கலாம் நீ," என்றாள் ஊல்கான். "ஊல்கான்னு மட்டும் எழுதியிருந்தா என்னைக் கண்டுபிடிச்சிருக்கமாட்டாங்க. அடுத்தது பையனாப் பொறக்கணும்னு வேண்டி பொண்ணுக்கு வைக்கிற பேரு அது. இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு ஒரு ஊல்கான் இருக்கா."

வேன் ஹார்ன் அடித்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பெகிமாய் அங்கேயே நின்றாள். ஊல்கான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.