ஜீரோவை நம்பாதவள்

ஒன்றும் இல்லை என்று ஒரு கருவி சொன்னால் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, இல்லை அதற்குச் சொல்லத் தெரியவில்லையா? கதிர்வீச்சு அளவிகளைச் சோதித்துச் சான்று தரும் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இந்தக் கேள்வி தத்துவம் அல்ல, தலைவலி. 'ஃபெயில் மேடம்' என்று அவளைக் கூப்பிட்டார்கள், அவள் காதில் விழும்படியே.

அந்த வியாழக்கிழமை மேஜைக்கு வந்தது சொந்தத் தம்பியின் அளவி. குழாய்களின் வெல்டிங்கைக் கதிர் பாய்ச்சிப் படமெடுப்பது அவன் தொழில். கதிரைக் கக்கும் சிறு உலோகத் துண்டான கதிர்மூலம் அதன் காப்புப் பெட்டியிலிருந்து வெளியே போய்ப் படமெடுத்துத் திரும்பும். திரும்பிவிட்டதா என்று அளவியைப் பிடித்தபடி நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். சொந்தமாகக் குழு தொடங்கி எட்டு மாதம். இருப்பது அந்த ஒரு அளவிதான். சான்று இல்லாமல் திங்கட்கிழமை ஆலைக்குள் விடமாட்டார்கள்.

தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவள் அதைக் கூடத்தின் கதிர்மூலத்தை நோக்கி மெல்ல நகர்த்தினாள். முள் ஏறியது, இன்னும் ஏறியது, சட்டென்று சரிந்து ஜீரோவில் படுத்துக்கொண்டது. உள்ளே இருப்பது வாயு அடைத்த குழாய். ஒரு கதிர் பதிவானால் ஒரு மின்துடிப்பு, ஒரு 'டிக்'. ஒவ்வொன்றுக்கும் பிறகு குழாய் மூச்சு வாங்க ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தையும் தராமல் கதிர்கள் மொய்த்தால் வாயடைத்துப்போகும். அப்போது முள்ளை உச்சியிலேயே நிறுத்திவைக்க வேண்டிய மின்சுற்று இதில் செத்திருந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "காலையிலகூட சோதனை வில்லையை வெச்சுப் பாத்தேன்க்கா. டிக் டிக்னு பாடுச்சு."

"அந்த வில்லை விடுற கதிர் கொசுடா. நீ போறது யானைகிட்ட."

"உன்கிட்ட எதுதான் பாஸாச்சு? மாமாவையே மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கட்டியிருப்ப."

"பாக்கல. அதான் அனுபவிக்கிறேன். மூலம் உள்ள திரும்பாம மாட்டிக்கிட்டா இது ஜீரோ காட்டும். நீயும் நம்பிப் பக்கத்துல போவ."

"எட்டு மாசமா போய்ட்டுத்தானே இருக்கேன்."

இந்தப் பதிலை எத்தனை வாயிலிருந்துதான் கேட்பது.

கூடத்தின் தலைவர் சமாதானத்தோடு வந்தார். "குறைஞ்ச அளவுல சரியாத்தானே காட்டுது மேடம். அதுவரைக்கும் செல்லும்னு லேபிள் ஒட்டிக் குடுத்துடுங்க. விதியிலயே இடமிருக்கு."

"லேபிளை யார் சார் படிக்கிறாங்க?"

"அது நம்ம வேலை இல்ல. நாலு மணிக்குள்ள முடிச்சுடுங்க."

விதியில் இடமிருந்தது, அதுதான் எரிச்சல். அப்படி அனுப்பிய அளவிகள் மறுவருடம் வரும்போது, கட்டைவிரல் பட்டுப் பட்டு லேபிளில் எழுத்தே இருக்காது. மூன்று முறை மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். லேபிளைப் பெரிதாக அச்சடித்து அனுப்பினார்கள். அவளை வீராங்கனை என்று சொல்வதற்கில்லை. அந்தப் பெரிய லேபிள்களிலும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

மூன்றரைக்கு அளவியின் மூடியைக் கழற்றினாள். குழாயின் முகத்தில் மைக்கா என்ற மெல்லிய தகடு, வெங்காயத்தோல் கனம். ஓட்டை விழுந்தால் வாயு போய்விடும். எந்தக் கூடமும் அதற்குச் சான்று தர முடியாது. பென்சில் முனையால் நடுவில் குத்தினாள். 'குழாய் இயங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அளவியோடு தம்பியிடம் கொடுத்தாள்.

"எப்படி உடைஞ்சது?"

"நான்தான் உடைச்சேன்."

அவனுக்குத் திங்கட்கிழமை வேலை கைநழுவியது. இரண்டு வருடம் அவள் வீட்டுப் படியேறவில்லை. தம்பி சொல்லி விஷயம் தெரிந்த தலைவர் மறுநாளே எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார். தாளில் தேதியை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.