அஞ்சாம் கட்டையில் ஒரு மண்டலின்

சனிக்கிழமை பின்னேரம் நாலு பத்து.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கறுப்பு மை. படலையில் யாரோ தட்டினார்கள். உடனே கண் போனது சுவர் மணிக்கூட்டுக்கு. இந்த ஊரில் இப்போது யார் படலையைத் தட்டினாலும் நாங்கள் முதலில் பார்ப்பது மணிக்கூட்டைத்தான்... ஆளைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

வந்தவர் ஹனிபா நானா. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாவற்றுக்கும் அவருடைய கடை டெலிபோன்தான் டெலிபோன். யாருக்கு அழைப்பு வந்தாலும் தராசை அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்து சொல்லிவிட்டுப் போவார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டுதான் வருவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"டீச்சர்... ஒங்கட மகள்ட விசயமா ஒரு கோல் வந்திச்சி."

"என்ன நானா?"

"அஞ்சாம் கட்டையில நிக்கிறாவாம். எறங்க ஏலாதாம். சொணங்குமாம்."

"அஞ்சாம் கட்டையோ? எந்த ரோட்டு? கண்டி ரோட்டோ, நிலாவெளி ரோட்டோ?"

"அதக் கேக்கக்குள்ள படக்கெண்டு வெச்சிட்டாரு டீச்சர்."

எங்களூரில் கட்டை என்றால் மைல்கல். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்றுதான் நாங்கள் இடத்துக்கு வழி சொல்வோம். என் மகள் வதனி ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டுப் போனது துறைமுகப் பக்கம், பத்து நிமிட நடைதூரத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு. அவள் எப்படி ஐந்து மைல் தள்ளிப் போனாள்? யார் கொண்டுபோனார்கள்? எதிலிருந்து இறங்க ஏலாது?

மூன்று கேள்விக்கும் எனக்கு ஒரே பதில்தான் தோன்றியது. இந்த யுத்தத்துக்குள் உங்களுக்கும் அதுதான் தோன்றியிருக்கும். எழுதத் தேவையில்லை.

அவள் போனது ஒரு ரெக்கோர்டிங்குக்கு. வதனி பாலர் பாடசாலை டீச்சர். கலைவிழாவில் சின்னப் பிள்ளைகள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து ஆடுவதற்கு ஒரு பாட்டு வேண்டும். சிநேகிதி ரூபி பாட, இவள் மண்டலின் வாசிக்க, அதைக் கசெற்றில் பதிந்து வைத்துவிட்டால் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம் என்று திட்டம்.

மண்டலின் கடையில் வாங்கியது அல்ல. அவளே செய்தது. ரூபியின் தேவாலயத்தில் இருந்த ஒன்றை ரெண்டு கிழமைக்கு இரவல் வாங்கி, பேப்பரில் வைத்துக் கோடு கீறி அளவெடுத்தாள். உடம்புக்குப் பலாக்கட்டை கிடைத்தது. முகப்புப் பலகைக்கு மட்டும் நல்ல காய்ந்த மரம் வேண்டுமாம். ஒரு நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து என் அலுமாரியைத் திறக்கிறேன்... மேல்தட்டுச் சீலை எல்லாம் கீழ்த்தட்டில் குவிந்து கிடக்கின்றன. மேல்தட்டைக் காணவில்லை.

"எங்கயடி தட்டு?"

"அம்மா, கோவிக்காதேங்கோ. முப்பது வருசம் காய்ஞ்ச தேக்கு. தட்டிப் பாத்தனான், மணி மாதிரிச் சத்தம். சீலை வைக்க அது வீண்."

என் கலியாணச் சீதனம் அந்த அலுமாரி. என் வீட்டுக்காரர் சிரித்தார். "சீதனத்தில பங்கு கேட்டிருக்கிறாள், கெட்டிக்காரி!" என்றார். நான் ஒரு கிழமை அந்த மரச்சாமானைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நிற்கிறேன், விறாந்தையிலிருந்து ஒரு சத்தம். குருவி ஒன்று தண்ணீரில் குளித்துவிட்டுச் சிறகு உதறுவதுபோல. தேத்தண்ணி ஆறிப்போனது. அலுமாரித் தட்டுக்குள் இவ்வளவு இருந்ததா?

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சைக்கிளை எடுத்தேன். இவரும் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"நீங்க நில்லுங்கோ. ஆம்பிளை போனா பிறகு உங்களையும் சேத்துத் தேட வேண்டி வரும்."

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் ரெக்கோர்டிங் நடக்கிற வீட்டுக்குப் போனேன். அது ஜெயம் வீடு. ஜெயம் கோயில் திருவிழா, கலியாண வீடு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர். வெள்ளை வான் ஒன்றும், மைக் மூன்றும், பெரிய கசெற் மெசின் ஒன்றும் வைத்திருக்கிறார். அவருடைய வீட்டுக் கதவு எப்போதும் விரியத் திறந்துதான் கிடக்கும். அன்றைக்குக் கதவு பூட்டு. யன்னல் பூட்டு. ஒரு சத்தமில்லை. இரும்புக் கேற்றில் தட்டினேன். மறுபடி தட்டினேன். மறுபடியும். யாரும் வரவில்லை. சந்திக்கு ஓடிவந்து ஹனிபா நானாவிடம் அங்கே டெலிபோன் எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்கேஜ் சத்தம்தான் வருது டீச்சர்" என்றார். மறுபடி எடுத்தார். அதே சத்தம்.

பூட்டின வீடு... வேலை செய்யாத டெலிபோன். இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

கண்டி வீதியா, நிலாவெளி வீதியா என்று யோசித்தேன். வலது பக்கம் திரும்பியது சைக்கிள்தான், நானில்லை. நிலாவெளி வீதி. ஐம்பது வயதில் எதிர்க்காற்றில் ஐந்து மைல். பையில் என்ன கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள்... சரி, சொல்கிறேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட நற்சான்றிதழ், பிறகு ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். பிள்ளை பசியோடு நிற்குமே!

இனி, அந்தப் பூட்டிய வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் உங்களை ஏன் என்னோடு சேர்த்து வெயிலில் சைக்கிள் ஓட வைக்க வேண்டும்?

ரூபிக்குத் தடிமன், மூக்கும் தொண்டையும் அடைப்பு. அன்றைக்கு அவள் தொண்டை நாலு கட்டைக்கு மேல் எழும்பவில்லை. சங்கீதம் படித்தவர்களுக்கும் ஒரு கட்டை இருக்கிறதல்லவா... சுருதிக்குக் கணக்கு. ரூபி வழக்கமாகப் பாடுவது அஞ்சு கட்டை. அதற்கு ஏற்றபடிதான் வதனி மண்டலினைச் செய்து வைத்திருக்கிறாள். நாலுக்கு இறக்கினால் தந்தி தளர்ந்து, கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியில் பட்டு, இரைகிறது. முறுக்கினால் அஞ்சு. தளர்த்தினால் இரைச்சல். ஒரு மணித்தியாலமாக இதே போராட்டம். ஜெயம் நல்ல மனிதர். வீட்டில் தேடுவார்களே என்று ஹனிபா நானாவுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்:

"வதனியின்ர அம்மாட்டைச் சொல்லிவிடுங்கோ. அஞ்சு கட்டையில நிக்குது. இறக்க ஏலாமக் கிடக்கு. சுணங்கும்."

நின்றது மண்டலின்! இறக்க ஏலாமல் கிடந்தது சுருதி!

ஹனிபா நானாவில் பிழை சொல்ல முடியுமா? பிள்ளை வந்திட்டுது, பிள்ளை நிக்குது என்று நாங்கள்தானே பேசுகிறோம்? மகளின் பெயரைச் சொல்லி, 'நிக்குது' என்று சொன்னால் அது மகள்தானே? மரியாதைக்காரர், 'நிக்கிறா' என்று திருத்திக்கொண்டார். அஞ்சு கட்டைக்கு நடுவே ஒரு 'ஆம்' சேர்த்துக்கொண்டார். இறக்குவதை இறங்குவதாக்கினார். கடைசியில் எல்லாவற்றுக்கும் வாலில் இன்னொரு 'ஆம்'. அவ்வளவுதான் நடந்தது.

யோசித்துப் பார்க்கிறேன்... இந்த யுத்தத்தில் எங்களை அதிகம் ஓட வைத்தது எது? ஷெல்லா? அதைவிட இந்த 'ஆம்' என்றுதான் சொல்வேன். பிடிச்சிட்டாங்களாம். பாதை பூட்டாம். அந்தப் பக்கம் போக ஏலாதாம். யார் பார்த்தது, யார் சொன்னது, ஒன்றும் தெரியாது. ஓர் 'ஆம்' வரும், நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவோம். பாதி நாள் அது பொய். மற்றப் பாதி நாள் மெய்யாக இருப்பதால்தான் எல்லா நாளும் ஓட வேண்டியிருக்கிறது.

அந்த அழைப்புக்குப் பிறகு ஜெயத்தின் மனைவி கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருக்கிறார். ரூபி அதைக் குடித்துவிட்டு, "வாறது வரட்டும், அஞ்சிலயே பாடுறன்" என்றாளாம். ஜெயம் உடனே கதவைப் பூட்டி, யன்னல்களைச் சாத்தி, அவற்றுக்கு மேல் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மணியடித்துக் கெடுத்துவிடும் என்று டெலிபோன் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டார். முதல் தடவை ஹெலிகொப்டர் ஒன்று மேலே போய்க் கெடுத்தது. இரண்டாவது தடவை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கேற்றில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டில் தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்து, நிறுத்தாமல் வாசித்து முடித்தார்கள்.

அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பாதிக் கவனம் பாட்டில், எழுத்துக் கோணலாக இருந்தால் அச்சுக் கோர்ப்பவர் மன்னிக்க வேண்டும். கேட்கக் கேட்க மனம் ஆறுகிறது. ஓரிடத்தில் ரூபியின் குரல் மேலே எழும்பப் போய் உடைகிறது. உடைந்த இடத்துக்கு மண்டலின் ஓடிவருகிறது, தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போவதுபோல. அவசரமில்லை, அலட்டலில்லை. இவ்வளவு பொறுமை இந்தப் பெண்ணிடம் எப்போது வந்தது? வீட்டில் ஒரு கோப்பை கழுவச் சொன்னால் நாலு தரம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அடிக்குப் பக்கத்தில், தூரத்தில், டொக் டொக் டொக் என்று ஒரு சத்தம். அது நான். வதனி சொல்கிறாள், தாளத்தில் சரியாகத்தான் விழுந்திருக்கிறதாம். பிள்ளைகள் அந்த இடத்தில் குதிக்கிறார்களாம். தாயின் நெஞ்சு பதறின சத்தத்துக்கு முப்பது நண்டுகள் குதிக்கின்றன. குதிக்கட்டும்.

மீண்டும் சனிக்கிழமை. நான் அஞ்சாம் கட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. ஆறு மணிக்குப் பாதை பூட்டிவிடுவார்கள். சென்றியில், அதுதான் ஆமிக் காவலரணில், நின்ற சிப்பாய் வதனியை விடச் சின்னவன் போலிருந்தான்.

"அம்மே, எங்க போறது?"

"என்ர மகள். இங்க... பஸ்ஸில... இறங்க விடேல்லையாம்."

"பஸ்? பஸ் எல்லாம் போயிட்டு."

"கையில ஒரு மண்டலின்."

அவனுக்கு விளங்கவில்லை. சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, காற்றில் அதைப் பிடித்து, வலது கையால் மீட்டிக் காட்டினேன். அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"கித்தார்?"

"சின்னக் கித்தார்."

உள்ளே இருந்த இன்னொருவனிடம் ஏதோ சிங்களத்தில் கேட்டான். அவனும் தலையாட்டினான். "கித்தார் வரயில்லை. ஒருத்தரும் பிடிக்கயில்லை. நீங்க வீட்ட போறது, அம்மே. இருட்டும்."

ஒருத்தரும் இங்கே இல்லை என்றால் சந்தோசப்பட வேண்டாமா? எனக்கு அடுத்த கணக்குத்தான் ஓடியது. இங்கே இல்லையென்றால் கண்டி வீதி அஞ்சாம் கட்டை! திரும்பி ஐந்து மைல், பிறகு அந்தப் பக்கம் ஐந்து மைல். பாதை பூட்ட அரை மணித்தியாலம்கூட இல்லை. மதகுக் கட்டின் மேல் குந்திவிட்டேன். சிப்பாய் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். நான் அவனுக்கு ரெண்டு வாழைப்பழம் பிய்த்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. கையில் இருந்தது, கொடுத்தேன்.

இதே நேரம் வதனி ரெக்கோர்டிங் முடிந்து, ஹனிபா நானாவின் கடையில் பென்சில் பற்றரி வாங்கப் போயிருக்கிறாள். அவளைக் கண்டதும் நானா கதிரையை விட்டு எழும்பிவிட்டாராம்.

"மகள்! எப்ப எறக்கி விட்டானுகள்?"

"ஆரை நானா?"

ரெண்டு நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கிறது. நானா தலையில் அடித்துக்கொண்டு, நான் நிலாவெளிப் பக்கம் திரும்பியதையும் சொன்னாராம். இவள் ஜெயத்தை இழுத்துக்கொண்டு வானில் ஏறியிருக்கிறாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வெள்ளை வான் வந்து நின்றது. தோளில் மண்டலின் பையோடு என் மகள் குதித்து இறங்கினாள். தலை கலைந்து, முகமெல்லாம் வியர்த்து, கண் சிவந்து. நான் எழும்பினேன். கட்டிப்பிடிப்பதா, ஒரு அறை விடுவதா என்று எனக்கே தெரியாது. அவள் எனக்கு ரெண்டையும் செய்ய இடம் தரவில்லை. வந்த வேகத்தில் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தாள்.

"பொழுதுபடுற நேரத்தில தனிய இந்த ரோட்டில என்ன வேலை உங்களுக்கு? ஏதும் நடந்திருந்தா நான் ஆரைப் போய்க் கேக்கிறது? இனிமேல் என்னைக் கேக்காமல் ஒரு இடமும் வெளிக்கிடக் கூடாது, சொல்லிப்போட்டன். ஏறுங்கோ வானில!"